டீசல் காரின் உள்விளக்கு

1

இந்த நாட்டில் குளிர்காலம் முழுக்க என்னுடைய காரைச் சுவரில் செருகிவைக்க வேண்டியிருக்கிறது. முன்பக்க வலைக்குள்ளிருந்து ஒரு வயர் வெளியே தொங்கும். அதை வீட்டுச் சுவரில் இருக்கும் மின்துளையில் செருகிவிட்டால், எஞ்சினுக்குள் இருக்கும் சூடாக்கி அதை விடியும்வரை இளஞ்சூட்டில் வைத்திருக்கும். செருக மறந்தால் டீசல் எஞ்சின் காலையில் எழும்பாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் என் மகன் நிமலனும் தன்னுடைய மின்சாரக் காரை அதே சுவரில்தான் செருகுகிறான். அவனுடைய கார் சாப்பிடுவதற்காகச் செருகி நிற்கிறது, என்னுடையது குளிர் காய்வதற்காக. ரொறன்ரோவில் எங்கள் தெருவில் இருக்கும் பத்தொன்பது கார்களில் டீசல் என்னுடையது ஒன்றுதான். கையால் கியர் மாற்றுகிற காரும் அது ஒன்றுதான்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. காருக்குப் பதினான்கு. சின்னக் கார், ஐந்து கியர். நெடுஞ்சாலையில் ஒரு லீற்றருக்கு இருபத்தொரு கிலோமீற்றர் ஓடும், நான் ஓட்டினால். நிமலன் ஒரு தடவை ஓட்டியபோது பதினாறுதான் ஓடியது. அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை.

"எங்களுக்கு ஒரு பிள்ளைதான் எண்டு ஆர் சொன்னது?" என்று என் மனைவி யோகம் வருகிறவர்களுக்கு முன்னால் கேட்பாள். "மூத்தது வெளியில நிக்குது. அதுக்குத்தான் இவர் விடிய எழும்பிப் பால் குடுக்கிறவர்."

போன டிசம்பரில் அந்தக் காரை ஓட்டும் உரிமையே என் கையைவிட்டுப் போகப் பார்த்தது. வருஷம் ஒன்று ஆகிவிட்டது. கொழும்பில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்குத்தான் இது விளங்கும் என்பதால் எழுதுகிறேன். இங்கே சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

2

டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். யோகமும் நானும் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் பொலிஸ் வீதியை மறித்து நின்றது. பண்டிகைக் காலத்தில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிப்பதற்காக அப்படி மறிப்பார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஆறு கார்களும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை இறக்கி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயின.

எங்கள் முறை வந்தது. முன்விளக்கை அணைத்தேன். உள்விளக்கைப் போட்டேன். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். எஞ்சினை நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கி, இரண்டு கைகளையும் அவர்களுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தேன்.

பொலிஸ்காரி சின்னப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். காருக்குள் ஏறும்படி சத்தமாகச் சொன்னாள். எனக்கு அது கேட்டது. ஆனால் நான் உதிரிச் சக்கரத்தைத் தூக்கி, அதற்கு அடியில் ஒன்றுமில்லை என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் கிட்ட வந்து, குரலைத் தணித்து, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"வெள்ளவத்தே இந்தலா," என்றேன்.

வெள்ளவத்தையிலிருந்து என்று சிங்களத்தில் சொல்லியிருந்தேன். இருபத்தெட்டு வருஷமாக நான் சிங்களம் கதைத்ததில்லை. ஒரு சீருடையும் ஒரு ரோச் லைற்றும் கேள்வி கேட்டதும் வாய் தானாகவே பதிலைக் கொடுத்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து, இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர் என்று ஒரு பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டாள். ஊரையும் கிழமையையும் சரியாகச் சொன்னேன். ஆனால் அதற்குள் அவளுடைய முகம் மாறிவிட்டது. எனக்குக் கோப்பித்தண்ணி வாங்கித் தந்தார்கள். இன்னொரு பொலிஸ்காரன் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டான். கார் வீதியோரத்தில் நின்றது, அந்தக் குளிரில், சுவரில்லாமல்.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. சாரதி குழப்பமான நிலையில் காணப்பட்டார், மருத்துவரிடம் காட்ட வேண்டும், அதன்பின் ஓட்டிக் காட்ட வேண்டும், இரண்டிலும் சரியில்லாவிட்டால் அனுமதிப்பத்திரம் நிறுத்தப்படும். மூன்று பக்கம். தொலைபேசியில் அழைத்து, எண்ணை அழுத்தச் சொல்லும் குரலை நாற்பது நிமிஷம் கேட்டேன். கடைசியில் வந்த மனிதக் குரல் என்னை மிகவும் மெதுவாகக் கதைக்கச் சொன்னது. தானும் மிகவும் மெதுவாகக் கதைத்தது.

நிமலன் கடிதத்தை நின்றபடியே வாசித்தான்.

"அப்பா, காணும். விட்டிடுங்கோ."

"எதை?"

"காரை. ஓட்டத்தை. எங்க போகோணுமெண்டாலும் நான் வந்து ஏத்துறன்."

"நீ ஞாயிற்றுக்கிழமைதானே வாறனீ. கோயில் வெள்ளிக்கிழமை."

"அப்பா, பகிடி விடாதேங்கோ. பொலிஸ் மறிச்சா ஏன் இறங்கினனீங்கள்? இந்த நாட்டில ஆரும் இறங்கிறேல்லை. அந்தப் பிள்ளை பயந்து சுட்டிருந்தா?"

"இறங்கினாத்தான் நல்லது."

"என்ன நல்லது?"

கொழும்பை விட்டு வரும்போது அவனுக்குப் பத்து வயது. கொழும்பில் நடந்தது ஒன்றும் ஞாபகமில்லை என்று எப்போதும் சொல்வான். பள்ளிக்கூடத்தின் பெயர்கூட யோசித்துத்தான் வரும். ஞாபகமில்லாத பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்லி என்ன செய்வது?

3

கொழும்பிலும் என்னிடம் டீசல் கார்தான் இருந்தது. ஜப்பான் கார், ஆயிரம் சீசீகூட இல்லை, மூன்றே மூன்று சிலிண்டர். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் நான்கு சிலிண்டர் பெற்றோல் கார் வைத்திருந்தார்கள். என்னுடையதை மா அரைக்கிற மில் என்றார்கள். காலையில் திறப்பைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். ஹீட்டர் பிளக் சூடாகி அந்த விளக்கு அணையும்வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும். பிறகு முழுக் காரும் ஒரு குலுக்கு குலுக்கி எழும்பும். கண்ணாடி நடுங்கும், கதவின் பையில் கிடக்கும் சில்லறை நடுங்கும், யோகத்தின் தோடு நடுங்கும்.

அதை ஓட்டுவதற்குப் பழக வேண்டும். பெற்றோல் கார்போல மிதித்தால் புகைதான் வரும். எஞ்சினின் குறைந்த சுற்றிலேயே இழுவை இருப்பதால், சுற்று ஏற முதலே அடுத்த கியருக்குப் போய்விட வேண்டும். முன்னால் போகிறவனின் பிரேக் விளக்கைப் பார்த்தே அடுத்த சந்தியில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட வேண்டும். நல்ல நாளில் நான் வீட்டிலிருந்து கந்தோர்வரை நான்கே தடவைதான் பிரேக் மிதித்திருக்கிறேன். கந்தோர் கொச்சிக்கடையில் இருந்தது. ஒரு கப்பல் முகவர் கம்பனியின் களஞ்சியத்தில் நான் கணக்காளன். வருகிற பெட்டியையும் போகிற பெட்டியையும் எண்ணுவதுதான் வேலை. எண்ணும் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. அது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

கொழும்பில் ஐந்தாவது கியர் போடக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். காலையில் காலி முகத்திடலுக்கு வந்ததும், ஒரு பக்கம் கடல், முன்னால் வெறும் வீதி. ஐந்தாவதைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, ஒரு கிலோமீற்றர் என்றும் சொல்ல முடியாத அந்தத் தூரத்துக்கு நான் மகாராசா. பிறகு அந்தப் பக்கம் வீதியை மூடினார்கள். ஐந்தாவது கியர் பாவிக்காமல் இறுகிவிடும் என்று கவலைப்பட்டு, வீட்டு வாசலில் கார் நிற்கும்போதே கிளச்சை மிதித்து அந்தக் கியரைப் போட்டுப் போட்டு எடுப்பேன். "நிண்ட இடத்தில யாழ்ப்பாணம் போறாராக்கும்," என்பாள் யோகம்.

அவள் பகிடியாகச் சொன்னாலும் அந்தக் கணக்கு என் மனதில் இருந்தது. முழுத் தாங்கியில் முப்பத்தாறு லீற்றர். திறந்த வீதியில் லீற்றருக்கு இருபத்தைந்து ஓடும். தொள்ளாயிரம் கிலோமீற்றர். எங்கேயும் நிறுத்தாமல் யாழ்ப்பாணம் போய்த் திரும்பிவந்தாலும் தாங்கியில் மிச்சம் இருக்கும். அந்தக் காரை நான் வாங்கியதே அதற்காகத்தான். ஆனால் வாங்கிய வருஷமே யாழ்ப்பாண வீதி யுத்தத்தால் மூடப்பட்டது. டீசலும் வடக்கே கொண்டுபோகக் கூடாத பொருள் ஆனது. தொள்ளாயிரம் கிலோமீற்றர் போகக்கூடிய கார் வெள்ளவத்தைக்கும் கொச்சிக்கடைக்கும் நடுவில் பத்துக் கிலோமீற்றரை அரைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பத்துக் கிலோமீற்றரில் சோதனைச் சாவடிகள் கூடிக்கொண்டே போயின. இரண்டு, நான்கு, ஒரு கட்டத்தில் ஏழு. ஒவ்வொன்றிலும் வரிசை, ஊர்தல், நிறுத்தல், எழுப்பல். மற்றவர்கள் பத்திரிகை பார்த்து யுத்தம் எப்படிப் போகிறது என்று அறிந்தார்கள். நான் டீசல் அடிக்கும்போது அறிந்தேன். லீற்றருக்கு இருபத்துமூன்று ஓடினால் நாடு அமைதியாக இருக்கிறது. பத்தொன்பது என்றால் எங்கேயோ ஏதோ வெடித்திருக்கிறது.

4

வெள்ளவத்தைப் பாலத்தடிச் சாவடியில் சுனில் என்று ஒரு ஆமிக்காரன் இருந்தான். பொலநறுவைப் பக்கத்து வயல்காரப் பிள்ளை. என் காரின் சத்தம் அவனுடைய தகப்பனின் ட்ராக்டர்போல இருக்கிறதாம். என்னை ட்ராக்டர் மாத்தயா, ட்ராக்டர் ஐயா, என்றுதான் கூப்பிடுவான். அடையாள அட்டையைப் பார்க்கிற சாட்டில் பொனற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான்.

"மாத்தயா, லீட்டரெகட்ட கீயக் துவனவாத?" லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று கிழமைக்கு ஒரு தடவையாவது கேட்பான்.

ஒரு நாள், முந்திய மாதம் இருபத்திரண்டு ஓடியது, இப்போது பத்தொன்பதுதான் என்று சொன்னேன். அவன் எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தான். "அப்பி நிசா," என்றான். எங்களால்தான் என்று. பிறகு வழக்கம்போல "ஹரி, யன்ன" என்று கையைக் காட்டினான். சரி, போங்கள். பின் இருக்கையில் இருந்த நிமலன் வீட்டுக்கு வந்ததும் அவனைப்போலவே கையைக் காட்டி, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் "ஹரி, யன்ன" சொல்லிக்கொண்டு திரிந்தான். அதற்காகத் தாயிடம் அடியும் வாங்கினான்.

இருட்டிய பிறகு சாவடிக்கு வருவதற்கு ஒரு முறை இருந்தது. கொழும்பில் கார் வைத்திருந்த எந்தத் தமிழனுக்கும் அது தெரியும். தூரத்திலேயே முன்விளக்கை அணைக்க வேண்டும். கார் நிற்க முதல் உள்விளக்கைப் போட வேண்டும், உள்ளே இருக்கிற முகங்களை அவர்கள் எண்ணக்கூடிய மாதிரி. கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். சாரதியின் கை இரண்டும் ஸ்ரேறிங்கில் இருக்க வேண்டும், அசையக் கூடாது. என் காரில் உள்விளக்கு கூரையின் நடுவில், முன் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது. நான் கையைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோனால் வெளியில் நிற்பவனுக்கு அது வேறு மாதிரித் தெரியும். அதனால் அந்த வேலை நிமலனுடையது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் எழும்பி நிற்பான். "நிமல், வெளிச்சம்," என்பேன். டக் என்று சத்தம் கேட்கும். எங்கள் மூன்று பேருக்கும் மஞ்சள் முகம் வரும்.

அவனுக்கு ஒன்பது வயது. அந்த வேலையில் அவன் ஒரு நாளும் பிந்தியதில்லை.

5

ஒரு மாலை கொட்டாஞ்சேனையில் யோகத்தின் அக்கா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. மின்வெட்டு வேறு. காலி வீதி முழுக்க இருட்டு. பாலத்தடியில் ரோச் லைற் ஒன்று மேலும் கீழும் ஆடியது. முன்விளக்கை அணைத்தேன்.

"நிமல், வெளிச்சம்."

டக் என்றது. வெளிச்சம் வரவில்லை.

மூன்று சிலிண்டர் எஞ்சினின் நடுக்கத்தில் பல்பின் இழை அறுந்துபோவது வழக்கம். வருஷத்தில் இரண்டு தடவை மாற்றுவேன். அது அந்த இரவில், அந்த இடத்தில் அறுந்திருந்தது. நின்றவர்கள் புதியவர்கள். இருட்டான கார் ஒன்று இருட்டிலிருந்து வருகிறது. "லைட் தான்ன!" என்று, லைற்றைப் போடச் சொல்லிக் கத்தினார்கள். டக், டக் என்று என் காதுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. பல்பு போய்விட்டது என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை.

"பஹின்ன!" இறங்கச் சொன்னார்கள். நானும் யோகமும் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நிமலன் இறங்கவில்லை. பின்கதவைத் திறந்து ஒருவன் துவக்கை உள்ளே நீட்டினான். ரோச் வெளிச்சத்தில் நான் கண்டேன், பிள்ளை இருக்கைகளுக்கு நடுவில் நின்றபடி ஒரு கையைக் கூரையில் வைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று துவக்கு வைத்திருந்தவனுக்குத் தெரியாது. கையை எடுக்கச் சொல்லிக் கத்தினான். பிள்ளை எடுக்கவில்லை. டக், டக்.

அந்தப் பதட்டத்தில் நான் எஞ்சினை நிறுத்தியிருக்கவில்லை. அது தன் பாட்டில் குலுங்கிக்கொண்டிருந்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு ஒருவன் ஓடிவந்தான். முகம் தெரியாத தூரத்திலேயே கத்திக்கொண்டு வந்தான்.

"ஏய், மே அப்பே ட்ராக்டர் மாத்தயா!"

இது எங்கள் ட்ராக்டர் ஐயா என்று. சுனில் சத்தத்தை வைத்தே காரை அறிந்திருந்தான். துவக்குக் கீழே இறங்கியது. அவன் பின்கதவால் குனிந்து, நிமலனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கூரையிலிருந்து எடுத்துவிட்டான். அவனுடைய கையில் சோறு ஒட்டியிருந்தது. பிறகு எங்களைப் பார்த்து "ஹரி, யன்ன," என்றான். குரல் வழக்கம்போல இல்லை.

மறுநாள் மூன்று பல்பு வாங்கி முன்பெட்டிக்குள் வைத்தேன். இன்னொன்றும் பழகிக்கொண்டேன். எந்தச் சாவடியிலும் அவர்கள் சொல்ல முதல் நானே இறங்கி, டிக்கியைத் திறந்து, உதிரிச் சக்கரத்தைத் தூக்கிக் காட்டுவேன். வந்தவன் என்னோடு டிக்கிப் பக்கம் வந்துவிட்டால், பின்கதவுப் பக்கம் போக மாட்டான். அடுத்த வருஷம் நாங்கள் கொழும்பை விட்டு வெளிக்கிட்டோம். நிமலன் அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை. நாங்களும் தொடவில்லை. மறந்துவிட்டான், நல்லது என்று நினைத்தோம்.

6

மருத்துவரிடம் நிமலன்தான் கூட்டிக்கொண்டு போனான். பதினொன்று பத்து காட்டும் மணிக்கூடு வரையச் சொன்னார். வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இரண்டுவரைக்கும் வந்துவிட்டு, இனிச் சைபருக்குக் கீழே போகவா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நிமலன் சிரிக்கவில்லை.

"புள்ளிகள் முழுதாக இருக்கின்றன. ஆனால் பொலிசின் அறிக்கையும் இருக்கிறது," என்று மருத்துவர் அவனைப் பார்த்துச் சொன்னார். "மறிக்கப்பட்ட இடத்தில் இவர் செய்ததற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. வீட்டிலும் இப்படி ஏதாவது செய்கிறாரா? குடும்பத்தார் சொல்வதையும் நான் எழுத வேண்டும்."

அவன் என்னைப் பார்க்காமல், யோசித்துவிட்டுத் தொலைபேசியில் சொல்கிறேன் என்றான். அந்தப் பதிலில் என் கார் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து அவனுடைய காரில் ஏறினோம். சத்தமே இல்லாத கார். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. இருட்டிக்கொண்டு வந்தது.

பெரிய சந்திக்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ விபத்து. வீதியைப் பாதி மறித்து, பொலிஸ்காரன் ஒருவன் சிவப்பாக ஒளிரும் தடி ஒன்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றான்.

நிமலன் வேகத்தைக் குறைத்தான். முன்விளக்கு அணைந்தது. நான்கு கண்ணாடிகளும் ஒன்றாக இறங்கின, குளிர் உள்ளே வந்தது. அவனுடைய வலது கை ஸ்ரேறிங்கை விட்டு எழும்பியது. மேலே போய், பின்னால் போய், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கூரையைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை, துணிதான் இருந்தது. கை தடவிக்கொண்டே இருந்தது.

பொலிஸ்காரன் எங்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். கார் நகரவில்லை.

"வெளிச்சம் முன்னுக்கு இருக்கு, தம்பி," என்றேன். "கண்ணாடிக்கு மேல."

7

ஒரு கோப்பிக்கடை வாசலில் காரை நிறுத்தினான். கண்ணாடிகளை மூட மறந்திருந்தான்.

"அண்டைக்கு நான் எத்தினை தரம் அமத்தினனான் எண்டு தெரியுமோ?" என்று கேட்டான்.

"தெரியாது."

"நீங்கள் எண்ணேல்லையோ?"

"அண்டைக்கு நான் ஒண்டையும் எண்ணேல்லை."

"பதினொரு தரம். பன்னிரண்டாந்தரம் லைற் பத்தும் எண்டு நினைச்சனான். அதுக்குள்ள அவன் கையை எடுத்துப்போட்டான். பிறகு நீங்கள் ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் முந்திக்கொண்டு இறங்கிறனீங்கள். எனக்கு வெக்கமா இருக்கும். மற்றப் பிள்ளையளின்ர அப்பாமார் இருந்த இடத்தில இருப்பினம். என்ர அப்பா மட்டும் பயத்தில ஓடி ஓடி டிக்கியைத் திறக்கிறார் எண்டு," என்றான்.

"பயந்தான். நான் பின்னுக்குப் போனா அவன் என்னோட வருவான். உன்ர கதவடிக்கு வரமாட்டான்."

அவன் ஸ்ரேறிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வருஷமாக அவன் அதை வேறு மாதிரி எண்ணியிருந்தான். பிறகு தொலைபேசியை எடுத்து, மருத்துவமனை மூட முதல் மருத்துவரைப் பிடித்தான். ஆங்கிலத்தில் கதைத்தான். நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வீதியில் மறித்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்லை, டொக்டர்," என்றான். "இப்ப பத்து நிமிஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்தேன்."

8

ஓட்டிக் காட்டும் பரீட்சையில் சித்தியடைந்தேன். ஓட்டத்தில் எனக்குப் பயமில்லை. பரீட்சிக்க வந்த பெண், கையால் கியர் மாற்றும் ஒருவரைப் பார்த்து ஐந்து வருஷமாகிறது என்றாள். அனுமதிப்பத்திரம் என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் எழுத வந்தது அதற்கு முந்திய சனிக்கிழமையைப் பற்றி.

"ஓட்டம் சரி, அப்பா. ஆனா இன்னொருக்கா பொலிஸ் மறிச்சா இறங்காமல் இருக்கப் பழகோணும்," என்றான் நிமலன். பனி கொட்டிக் கிடந்த ஒரு பெரிய கடையின் கார்த் தரிப்பிடத்துக்கு என்னையும் தாயையும் வரச் சொன்னான். வெறும் இடம், பின்னேரம். அவன் ரோச் லைற்றோடு நடுவில் போய் நின்றான். நான் தூரத்திலிருந்து டீசலை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அவன் மறிப்பான். நான் இருக்கையிலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் தடவை அவன் லைற்றை ஆட்டியதும் இறங்கிவிட்டேன். இரண்டாம் தடவையும் இறங்கினேன். மூன்றாம் தடவை யோகம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், சட்டையோடு இறங்கினேன்.

"பெல்ற்றைக் கழட்டாதேங்கோ அப்பா. கை ஸ்ரேறிங்கில."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வெளியில நிக்கிறியள்?"

"இஞ்சேருங்கோ, அது உங்கட மகன். ஆமிக்காரன் இல்லை," என்றாள் யோகம். "இருங்கோ. எனக்குக் குளிருது."

ஆறாம் தடவை கதவைத் திறந்தேன், காலை வெளியே வைக்கவில்லை. எட்டாம் தடவை கை கதவுவரை போய்த் திரும்பி வந்தது. முன்விளக்கை அணைப்பதையும் உள்விளக்கைப் போடுவதையும் அவன் தடுக்கவில்லை. அது இருக்கட்டும், அதனால் ஆருக்கும் நட்டமில்லை என்றான்.

பன்னிரண்டாம் தடவை லைற் ஆடியது. முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கை இரண்டையும் ஸ்ரேறிங்கில் வைத்துக்கொண்டு இருந்தேன். தொடை நடுங்கியது. அது எஞ்சினால் இல்லை, இந்தக் காரில் சிலிண்டர் நான்கு. நிமலன் பனியில் கால் புதையப் புதைய வந்தான். ரோச் லைற்றால் என்னைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். பிறகு பின் இருக்கைக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோய், வெறுமையாய்க் கிடந்த அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இறங்கவில்லை.

அவன் உள்ளங்கையைப் பொனற்றில் வைத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹரி," என்றான் என் மகன். "யன்ன."

முதலாவது கியரைப் போட்டேன்.